வெளிமாநில ஆட்களோடு வேலை: கோபத்தையும் பயத்தையும் எங்கே வைப்பது?

கேள்வி: பெருந்துறை வாசகர், 12 ஜூலை 2025

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இந்த மாதம்தான் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 34 பேர். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார். மீதி நம் ஊர். பயிற்சி வகுப்பில் "தலைமையில் இருப்பவர் உணர்ச்சியைக் காட்டக் கூடாது" என்றார்கள். எங்கள் மேனேஜரோ "சத்தம் போட்டாத்தான் வடக்கத்திப் பசங்ககிட்ட வேலை நடக்கும்" என்கிறார். எது சரி?

13 ஜூலை 2025

இரண்டுமே சரியில்லை.

நான் 17 வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறேன். செக்கிங்கில் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராகி, இப்போது மூன்று லைனுக்குப் பொறுப்பு. நம்மூர்க்காரர்கள், தேனி, மதுரைப் பக்கத்தவர்கள், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் என்று 110 பேர். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2016. அப்போது வேறொரு கம்பெனி. சூப்பர்வைசராகி ஆறு மாதம். 8,000 டி-ஷர்ட் ஷிப்மெண்டுக்குத் தயாராக இருந்தது. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் 200 பீஸ் எடுத்தார். ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்கிற வரம்பு) 2.5 என்றால் அந்த 200 பீஸில் பெரிய குறை 10 வரை இருந்தால் பாஸ், 11 வந்தால் ஃபெயில். எங்களுக்கு 14 வந்தது. அதில் ஒன்பது ஒரே குறை. கழுத்து ரிப் சேர்கிற இடத்தில் ஓவர்லாக் தையல் விட்டிருந்தது. அட்டைப்பெட்டி அத்தனையையும் பிரித்து மறுபடி செக் பண்ண வேண்டும். முதலாளி மேனேஜரைப் பிடித்தார், மேனேஜர் என்னைப் பிடித்தார், நான் லைனுக்கு ஓடினேன்.

அந்த மெஷினில் இருந்தவன் ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்துப் பையன். இருபது வயதிருக்கும். பீஸை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, எனக்குத் தெரிந்த இந்தியையும் தமிழையும் கலந்து கத்தினேன். அவன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "சிரிக்கிறயா? உனக்கு இது சிரிப்பா இருக்குதா?" லைனே நின்றுவிட்டது. கைமடிப் பிள்ளைகள் (டெய்லருக்கு உதவியாகத் துணியை மடித்து அடுக்குபவர்கள்) கூடத் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அவன் கையில் நூல் வெட்டுகிற கட்டர் இருந்தது. கை நடுங்க நடுங்க அதன் இரண்டு முனையும் ஒன்றோடொன்று மோதி டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் நான் பார்த்தது அவன் வாயை மட்டும்தான்.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்க வந்தபோது என் பக்கம் திரும்பவும் இல்லை. அவனோடு ஒரே ரூமில் இருந்தவர் பிறகு என்னிடம் சொன்னார்: "அவன் சிரிக்கல தீதி (அக்கா). பயந்துட்டான். அழுதுடக் கூடாதுன்னு அப்படி நின்னான்."

பெருந்துறைத் தம்பி, உங்கள் மேனேஜர் சொல்கிற "சத்தம்" இதுதான். சத்தம் போட்டேன். வேலை நடக்கவில்லை. நல்ல ஓவர்லாக் டெய்லர் ஒருவர் போனதுதான் மிச்சம்.

13 ஜூலை, இரவு

விட்டுப்போனது ஒன்று. அந்த வாரமே மெக்கானிக் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். லூப்பர் (நூலை வளைத்துப் பிடிக்கிற கொக்கி) தேய்ந்திருந்தது. தையல் விட்டதற்கு அதுதான் காரணம். அந்தப் பையன் இரண்டு நாள் முன்பே மெஷினைக் காட்டி ஏதோ சொல்ல வந்திருக்கிறான். எனக்குப் புரியாததால் "சரி சரி, ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

14 ஜூலை 2025

"வடக்கத்திப் பசங்க" என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஃப்ளோரில் நான் அதை நிறுத்திவிட்டேன். 40 வயதுக்காரரைப் "பசங்க" என்பது ஒரு தப்பு. ஒடிசாவையும் அசாமையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது இன்னொரு தப்பு. நம்மை எல்லாம் "மதராஸி" என்று ஒரே பெயரில் கூப்பிட்டபோது நமக்கு எப்படி இருந்தது? ஊர் பேரைக் கேளுங்கள். மாவட்டம் கேட்டால் இன்னும் நல்லது.

20 ஜூலை 2025

சிரிப்பு விஷயத்துக்கு நிறையப் பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். "ஒடியாக்காரர்கள் திட்டினால் சிரிப்பார்களா?" என்று ஒரு கேள்வி. அப்படி நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒரு பையன் ஒரு நாள் சிரித்தான், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு மாநிலத்துக்கே இலக்கணம் எழுதிவிட முடியாது.

ஆனால் உணர்ச்சியை யார் முன்னால் எவ்வளவு காட்டலாம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு மனசைக் கலங்கடிக்கிற படங்களைப் போட்டுக் காட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் வெளியான சோதனை. தனியாக இருந்து பார்த்தபோது இரண்டு தரப்பு முகமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுளித்தது. சோதனை நடத்துபவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஜப்பானிய மாணவர்கள் சுளிப்பைப் புன்னகையால் மூடினார்கள். அந்தச் சோதனை நடந்த விதத்தைப் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. ஆகவே அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதைப் படித்தபோது கட்டர் சத்தம் எனக்குத் திரும்பவும் கேட்டது.

நம் கணக்கு என்ன? பெரியவர்கள் ஏசினால் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். சின்ன வயதில் தோட்டத்தில் ஆடு வெள்ளாமையில் இறங்கிவிட்டால் அப்பாரு திட்டுவார். நாங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நிமிர்ந்து பார்த்தால் திமிர், சிரித்தால் முடிந்தது கதை. அந்தப் படியைத்தான் நான் பலாங்கீர்ப் பையனுக்கும் வைத்து அளந்தேன். அவன் ஊரில் வேறு படி இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

27 ஜூலை 2025

இன்றைக்கு மரியாதையைப் பற்றி. கோபத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் பக்கம் பேச்சில் எல்லாவற்றுக்கும் "ங்க" போடுவோம். "ஏனுங்க தம்பி, சாப்ட்டீங்களா?" பத்து வயதுப் பொடியனுக்கும் "வாங்க, போங்க"தான். கோபம் வந்தாலும் "என்னங்க இப்படிப் பண்ணீட்டீங்க" என்போம். அந்த "ங்க" பாதிக் கோபத்தை உறிஞ்சிவிடும். ஆனால் நான் இந்தி கற்றது வகுப்பில் அல்ல, ஃப்ளோரில். லோடு இறக்குகிற ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கற்றது. அவர்கள் சகாக்கள், வயது ஒத்தவர்கள், "தூ" போட்டுப் பேசுவார்கள். இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி இருப்பது எனக்கு இரண்டு வருடம் தெரியாது. தமிழில் எல்லோருக்கும் "ங்க" போட்ட அதே வாயால், இந்தியில் எல்லோரையும் "தூ இதர் ஆ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதாவது, "டேய் இங்க வாடா".

அயர்னிங்கில் ஜார்க்கண்ட்காரர் ஒருவர் இருந்தார். 50 வயது. பேத்தி இருக்கிறாள். நான் கூப்பிட்டால் மட்டும் அவர் மெதுவாக, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்து, கையைத் துடைத்து, அப்புறம்தான் வருவார். எனக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. அவர் மேல் ஆறு மாதம் உள்ளுக்குள் கோபமாக இருந்தேன். பாட்னா பக்கத்துப் பெண் ஒருத்தி பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்தாள். அவள்தான் பயந்து பயந்து சொன்னாள்: "மேடம், அவர் எங்க அப்பா வயசு. ஆப்னு சொல்லுங்க."

மறுநாள் காலை "ஆப் ஆயியே" என்றேன். அவர் வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஆறு மாதம் யார் மேல் கோபப்பட்டேன்? அவர் காட்டியது என் பேச்சுக்கு அவர் கொடுத்த மரியாதையான பதில். அலட்சியமே இல்லை.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப் பதினெட்டு. கொஞ்சம் திசை மாறுகிறேன்.

எங்கள் ஊரில் இன்றைக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டி ஆடினார்கள். ஒடிசாவில் ஆனி மாதத்து முதல் நாளை ஒட்டி ராஜா பர்பா என்று மூன்று நாள் நோம்பி. பூமித்தாய்க்குத் தீட்டு நாள் என்று நிலத்தில் ஏர் பூட்ட மாட்டார்கள். பெண்களுக்கு வேலையிலிருந்து ஓய்வு. தூரி கட்டி ஆடுவார்கள். இந்த ஜூனில் ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்டதால் வேப்பமரத்தில் பேக்கிங் கயிற்றை முறுக்கிக் கட்டினோம். சத்தமே போடாத பிள்ளைகள் என்று நான் நினைத்திருந்தவர்கள் அன்றைக்குக் கத்திய கத்தல் கேட் வரைக்கும் கேட்டது. அடுத்த வாரமே அதில் இருவர் மெஷின் கோளாறு பற்றித் தாமாக வந்து என்னிடம் சொன்னார்கள். அதற்குத் தூரிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

10 ஆகஸ்ட் 2025

கோயமுத்தூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியானால் அடக்கிக்கொள்வதுதான் வழியா?"

அடக்குவதில் இரண்டு வகை இருக்கிறது. கோபம் வந்த பிறகு முகத்தைக் கல்லாக்கிக்கொள்வது ஒன்று. கோபம் முழுதாக வருவதற்கு முன்னால், நடந்ததை வேறு கோணத்தில் பார்த்துக்கொள்வது இன்னொன்று. "இவன் கெடுத்துட்டான்" என்பதற்குப் பதிலாக "மெஷின்ல என்னமோ இருக்கு" என்று முதலில் நினைப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் பல வருடம் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர். முகத்தை மட்டும் மூடினால் உள்ளே இருக்கிற வேதனை குறைவதில்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வில், இருவர் பேசும்போது ஒருவர் உணர்ச்சியை மறைத்தால் எதிரில் இருப்பவருக்கு இரத்த அழுத்தம் ஏறியது என்று கண்டார்கள். மறைப்பது ஒருவர், ஏறுவது இன்னொருவருக்கு! ஆனால் 2007இல் அதே குழுவினரின் இன்னொரு ஆய்வில், ஆசியப் பண்பாட்டு மதிப்புகளோடு வளர்ந்த பெண்களிடம் மறைப்பதால் வருகிற கெடுதல் குறைவாகத் தெரிந்தது. அடக்கம் பழகிய வீட்டில் அடக்கம் அவ்வளவாக உறுத்தாது என்று புரிந்துகொள்கிறேன்.

ஏச்சு வாங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டியவர் நெதர்லாந்திலிருந்து தரம் பார்க்க வந்த க்யூ.சி. ஒருவர். சாம்பிளை மேசையில் போட்டு, "இது நன்றாக இல்லை. இதுவும் இல்லை" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காபி கொடுத்தோம், குடித்தார், நன்றி சொன்னார், மறுபடி "இதுவும் நன்றாக இல்லை". அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நம்மை அவமானப்படுத்திவிட்டுப் போகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் அவர் அனுப்பிய மெயிலில் "நல்ல சந்திப்பு, குழு திறமையானது" என்று இருந்தது. அவருக்கு அது வெறும் தகவல், எனக்குக் கன்னத்தில் அறை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கோபத்தைக் கூடச் சொல்லலாம், பயத்தை மட்டும் கீழே காட்டக் கூடாது. மூன்று நாள் முன்னால் அமெரிக்கா நம் சரக்குக்கு 25 சதவீத வரியைக் கூட்டிவிட்டது. எங்கள் ஆர்டரில் பாதி அங்கேதான் போகிறது. ஃப்ளோரில் நான் வாயே திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

14 ஆகஸ்ட் 2025

ஒரு திருத்தம். யாரையும் எல்லோர் முன்னாலும் ஏசாதீர்கள், ஆபீஸுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்கள் என்று நானே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் 19 வயதுப் பெண்ணை ஆபீஸுக்குத் தனியாகக் கூப்பிட்டால் அவளுக்கு அது வேலை போகும் அறிகுறி. போதாததற்கு, கூட இருப்பவர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள்? இப்போது அவள் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பீஸை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அவள் ஊர்க்காரி ஒருத்தி கூட இருப்பாள். நின்றுகொண்டு சொல்வதும் உட்கார்ந்து சொல்வதும் ஒன்றல்ல.

31 ஆகஸ்ட் 2025

10ஆம் தேதி எழுதியதன் கடைசிப் பத்தி தப்பு. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

27ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 50. அன்றைக்கு விநாயகர் சதுர்த்தி, லீவு. அதற்கு முந்தைய இரண்டு வாரமாகவே மெயில் மேல் மெயில். "தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்", "விலையைக் குறைக்க முடியுமா". நான் வழக்கம்போல் லைனுக்குப் போனேன், வந்தேன், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். யாரிடமும் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாகச் சமாளிக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

28ஆம் தேதி வியாழக்கிழமை. மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு நுவாகாய். புது அரிசியைச் சாமிக்குப் படைத்து, பிறகு வீட்டில் பெரியவர் கையால் எல்லோரும் வாங்கிச் சாப்பிடுகிற நாள். நம் பொங்கல் மாதிரிதான். சாப்பிட்டபின் பெரியவர்கள் காலைத் தொட்டு "நுவாகாய் ஜுஹார்" என்பார்கள். அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வரச் சொல்லியிருந்தேன். நாலு பேர் வரவே இல்லை. ரூமுக்கு ஆள் அனுப்பினேன். பையைக் கட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் பொகாரோ வண்டிக்குக் கிளம்புகிறார்களாம். தன்பாத் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் நாங்கள் பொகாரோ என்றுதான் சொல்வோம். திருப்பூரில் ஏறினால் மேற்கு ஒடிசாவின் டிட்லாகரிலேயே இறங்கலாம்.

நானே போனேன். மூத்தவர் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அவலும் வெல்லமும் கொடுத்து உட்காரச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "தீதி, நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது இது. இரண்டு வாரமாக நான் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. காலையில் "கானா காயா?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்பது நின்றுவிட்டது. பீஸை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போகிறேன். திட்டினாலாவது தப்பு எங்கே என்று தெரியும். ஒன்றும் சொல்லாததால் தங்களை அனுப்பப் போகிறேன், அதற்காகத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அனுப்புவதற்கு முன்னால் தாங்களே மரியாதையாகப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கா வரி போட்டதை அவர்கள் செல்போனில் என்னைவிட முன்னாலேயே பார்த்திருந்தார்கள். அந்தச் செய்தி அவர்களைப் பயமுறுத்தவில்லை, என் முகம்தான் பயமுறுத்தியது. நம்மூர் டெய்லர்கள் என்னை டீக்கடையில் பார்ப்பார்கள், என் வீட்டுக்காரரிடம் விசாரிப்பார்கள், முகத்தைத் தவிர வேறு வழியிலும் அவர்களுக்குச் சேதி போய்விடும். மொழி தெரியாதவருக்கு என் முகம் ஒன்றுதான் செய்தித்தாள். அதில் நான் ஒன்றுமே எழுதாமல் விட்டேன். அவர்கள் தங்கள் பயத்தை அதில் எழுதிப் படித்துக்கொண்டார்கள்.

அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். "எனக்கு பயமாத்தான் இருக்கு. உங்க மேல கோபம் இல்லை. ஆர்டர் நின்னிருக்கு. தீபாவளி வரைக்கும் இப்போ கையில இருக்கிற வேலை போதும். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே உங்களுக்குச் சொல்றேன்." மூத்தவர் அதை ஒடியாவில் சொன்னார். சொல்ல ரொம்ப நேரம் எடுத்தது. யாரும் பையைப் பிரிக்கவில்லை, ஆனால் ஒருவன் எழுந்து போய் எனக்கு டீ போட்டான்.

இரண்டு பேர் ஊருக்குப் போனார்கள். இரண்டு பேர் வெள்ளிக்கிழமை காலை மெஷினில் இருந்தார்கள்.

2 செப்டம்பர் 2025

"பயத்தைச் சொன்னால் எல்லோரும் போய்விட மாட்டார்களா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

2023 மார்ச் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அது பொய் என்று நம் போலீஸ் சொன்னது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. ஹோலி வேறு அந்த 8ஆம் தேதி. ஊருக்குக் கிளம்பினவர்களில் யார் பண்டிகைக்குப் போகிறார், யார் பயத்தில் போகிறார் என்றே தெரியவில்லை. அன்றைக்கும் நான் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள்" என்றுதான் சொன்னேன். "ஒன்றுமில்லை" என்றதும் இன்னும் பத்துப் பேர் கிளம்பினார்கள்.

ரயிலடி வரைக்கும் கூடப் போய், "நானும் கேள்விப்பட்டேன், எனக்கும் பதறிச்சு, விசாரிச்சேன், பொய்னு தெரிஞ்சுது, நீங்க போயிட்டு வாங்க, மெஷின் உங்களுக்குத்தான்" என்று சொன்னது பக்கத்து யூனிட் கட்டிங் மாஸ்டர். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். அவருடைய ஆட்களில் பெரும்பாலானோர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்கள். இதிலிருந்து நான் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

பயத்தைச் சொல்வது வேறு, பயத்தை அவர்கள் மேல் இறக்கி வைப்பது வேறு. என்ன பயம், எதனால், நாளைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கிறது.

14 செப்டம்பர் 2025

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு குறிப்பு. நம் உணர்ச்சி இன்னொருவர் வாய் வழியாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

போன வாரம் ஒரு லைனில் சைஸ் லேபிள் மாறிப் போனது. "எனக்கு வருத்தமா இருக்குதுன்னு சொல்லுங்க" என்று லைன் லீடரிடம் சொன்னேன். அவர் நம்மூர்க்காரர், ஓரளவு இந்தி பேசுவார். "மேடம் குஸ்ஸா ஹை" என்றார். குஸ்ஸா என்றால் கோபம். எல்லா முகமும் சட்டென்று இறுகின. நான் வருத்தத்தைக் கொடுத்தேன், போய்ச் சேர்ந்தது கோபம். பிறகு அந்தப் பாட்னாப் பெண்தான் (இப்போது செக்கிங்கில் என் வலது கை) சரியான சொல்லைச் சொன்னாள்: "துக்கி".

அவள் இன்னொரு சொல்லும் கற்றுக்கொடுத்தாள். நாராஸ். "தீதி, நாராஸ் ஹோ க்யா?" என்று பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். கோபமா என்று கேட்கிறார்கள் என நினைத்து "இல்லை, இல்லை" என்பேன். நம் தமிழில் கோபப்படுவது ஒன்று, கோவிச்சுக்கொள்வது ஒன்று. கோபம் யார் மேலும் வரும். கோவிச்சுக்கொள்வது நமக்கு வேண்டியவர்களிடம் மட்டும்தான். நாராஸ் அந்த இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதாவது "எங்க மேல கோவிச்சுக்கிட்டீங்களா அக்கா?" என்று இத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் அதட்டலாக "நஹி, காம் கரோ" (இல்லை, வேலையைப் பாருங்க) என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒடியாவில் கோபத்துக்கு "ராக" என்று சொல்வார்கள். நமக்கு அது பாட்டு. இதை டீ இடைவேளையில் சொன்னபோது, எங்கள் பேட்லாக் மெஷின் டெய்லர் ஒருவர் நான் லைனுக்குள் நுழையும் போதெல்லாம் "அக்கா, இன்னிக்கு என்ன ராகம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒடியாப் பிள்ளைகளுக்கும் புரிகிறது, நம்மவர்களுக்கும் புரிகிறது. நான் நிஜமாகவே பதில் சொல்கிறேன். "இன்னிக்குக் கொஞ்சம் ராகம் இருக்குது, பையர் மெயில் வந்திருக்கு, உங்க மேல இல்ல." இந்த ஒரு வரி போதும். மேலிருந்து வந்தது கீழே போகாமல் என்னோடு நின்றுவிடுகிறது.

28 செப்டம்பர் 2025

துக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒடிசாவில் பாலசோர் பக்கம் பஹாநகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. வேலை தேடித் தெற்கே வருகிற எத்தனையோ பேர் அதில். மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். கைமடியில் இருந்த ஒடியாப் பெண் ஒருத்தி வழக்கம்போல் வந்து துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு, "தீதி, திங்கள் செவ்வாய் லீவு வேணும், சித்தப்பா வண்டில இருந்தாரு" என்றாள். அவ்வளவுதான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

நம்மூர்ப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: "என்ன கல் நெஞ்சுங்க இந்தப் புள்ளைக்கு." எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் வந்தது. நம் பக்கம் எழவு வீடு என்றால் தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்கும். வாசலில் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழாதவளைப் பார்த்தால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அவள் அடுக்கிய கட்டுகளைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். முன் பக்கமும் பின் பக்கமும் மாறி மாறி, சைஸ் எல்லாம் கலந்து, ஒரு கட்டு கூடச் சரியாக இல்லை. நாள் முழுக்க கை மட்டும் வேலை செய்திருக்கிறது.

அதையெல்லாம் நானே பிரித்து அடுக்கினேன். பக்கத்தில் "கல் நெஞ்சு" என்று சொன்ன அம்மிணியும் வந்து உட்கார்ந்து அடுக்கினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

12 அக்டோபர் 2025

பெருந்துறைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். ஒரு பீகார்க்காரர் பட்டன் வைத்ததில் வரிசை மாறிவிட்டதாம். திட்ட வாயெடுத்தபோது அவர் சிரித்தாராம். தம்பிக்கு என் முதல் குறிப்பு ஞாபகம் வந்ததாம். கையைப் பார்த்தாராம். கை நடுங்கவில்லையாம். "நிஜமாகவே அலட்சியமாகத்தான் சிரித்தார் அக்கா, இப்போ என்ன பண்றது?" என்று கேட்கிறார்.

அப்போது கோபப்பட வேண்டியதுதான். சத்தம் போடாமல், ஆப் போட்டு, இந்த பீஸ், இந்தத் தப்பு, எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். நம்மூர் ஆளாக இருந்தால் எவ்வளவு சொல்வீர்களோ அவ்வளவே. வெளியூர்க்காரர் என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நம் கோபம் செல்லுபடியாகிற இடம் அது. அவரால் திருப்பிக் கத்த முடியாது. அதனால்தான் அளவு பார்க்கச் சொல்கிறேன்.

கையைப் பார்த்தீர்களே, அதற்கு நன்றி.

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். போனஸ் கணக்கு ஓடுகிறது. அதற்குப் பிறகு ஆர்டர் பாதிதான் என்று நேற்று உறுதியானது. நாளைக் காலை எட்டரைக்கு, மெஷினைப் போடுவதற்கு முன்னால், மூன்று லைனையும் நிறுத்தி நானே சொல்லப் போகிறேன். தமிழில் நான் சொல்வேன், இந்தியில் பாட்னாப் பெண், ஒடியாவில் நுவாகாய் அன்று எனக்கு அவல் கொடுத்த மூத்தவர். மூன்று பேரும் இன்று மதியம் பேக்கிங் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக ஒத்திகை பார்த்தோம். "பயம்" என்ற சொல்லுக்கு மூத்தவர் மூன்று ஒடியாச் சொல் சொல்லி, எது வேண்டும் என்று என்னைக் கேட்டார். மூன்றையும் நடித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.